தூரம் மட்டும்தான் சார்

ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் அவள் எக்ஸ்ரே எடுப்பவள். நகரத்தின் மறுகோடியில் இருந்த பெரிய மருத்துவமனை, எக்ஸ்ரே பிரிவுக்கே பொறுப்பாளராக அவளைக் கூப்பிட்டது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

"நீ இருட்டினப்புறம் வந்தா, பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து யாரு கூட்டிட்டு வருவா?" என்றான் கணவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் அவளே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி சார். தினமும் அவ்வளவு தூரம் வந்து போறது எனக்கு ஒத்துவராது. தப்பா நினைச்சுக்காதீங்க."

"வேற ஏதாவது பிரச்சனையா மேடம்?"

"அதெல்லாம் இல்ல சார். தூரம் மட்டும்தான்."

சில மாதங்களில் கணவனுக்குப் பதவி உயர்வு வந்தது. புது அலுவலகம் அந்த மருத்துவமனையையும் தாண்டி இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சரியென்று சொல்லிவிட்டு வந்தான். பாப்பாவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

"குடும்பத்துக்காக அண்ணன் எவ்வளவு தூரம் அலையப்போறாரு, பாவம்" என்று நாத்தனார் உருகினாள். அவள் சிரித்து வைத்தாள்.

மறுநாள் வேலையில் ஒரு பெரியவரை மெஷின் முன் நிறுத்தி, "மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கங்க ஐயா" என்றாள். படம் எடுத்த பிறகும் விடச் சொல்ல மறந்து, திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு மேல முடியலம்மா" என்று அவரே மூச்சை விட்டார்.