எலிப்பொறியும் சேத்து லாரியும்

பிள்ளைகளே, 1991 பொங்கலுக்குச் சேரப்பணஞ்சேரியில் நடந்த கபடிப் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அறுவடை முடிந்ததும் வரப்பைத் தோண்டி எலி பிடிப்பது என் அப்பாவின், அதாவது உங்கள் தாத்தாவின் வேலை. அதனால் மேலத்தெருக்காரர்கள் எங்கள் கீழத்தெருவையே 'எலி' என்பார்கள். அந்த வருடம் தங்கள் கபடிக் குழுவுக்கு 'எலிப்பொறி' என்று பெயர் வைத்து, பனியனிலும் அச்சடித்துக்கொண்டார்கள். முதல் ஆட்டமே எங்களோடு. தாத்தா பார்க்க வருவதாக வேட்டியெல்லாம் துவைத்து வைத்திருந்தார். அந்தப் பெயரை மைக்கில் கேட்டு அவர் தலைகுனியக் கூடாது; எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போட்டிக்கும் மைக்குக்கும் அனுமதி தருவது போலீஸ். ஸ்டேஷனுக்குப் போனேன்.

"சார், அந்தப் பேரு எங்கள அசிங்கப்படுத்துது. மாத்தச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எலிப்பொறி எல்லார் வீட்லயுந்தான் இருக்கு. இதுல என்னய்யா அசிங்கம்? பேருக்கெல்லாம் கவர்மென்ட் வராது, போ."

வெளியே பெஞ்சில் மேலத்தெருப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கோப்பை வாங்கித் தருபவர் அவர்தான். "இன்னாடா, பிராது குடுத்துட்டியா? பொறில மாட்டாம ஓடு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதற்கு முந்தைய மழையில்தான் அவருடைய லாரி, திருட்டுத்தனமாக ஏரி மண் அள்ளி வரும்போது சேற்றில் புதைந்து நின்றது. விடிந்ததும் ஊரே பார்த்தது. அவரிடம் கூலிக்குப் போகிறவர்கள் என்பதால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எங்கள் குழுவுக்கு 'சேத்து லாரி' என்று பெயர் கொடுத்தேன்.

ஆட்டத்தன்று மைக்செட்காரர் குஷியாகிவிட்டார். "எலிப்பொறி ரெண்டு, சேத்து லாரி அஞ்சு! லாரி ஏறி வருது, வழி வுடுங்கோ!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தாத்தா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எலிப்பொறி என்ற சொல் அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

பெரியவர் பந்தோபஸ்துக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் ஓடினார். "சார், நிறுத்தச் சொல்லுங்க. என்னைக் கேவலப்படுத்துறானுங்கோ."

நான் கோட்டருகே நின்றபடி சொன்னேன்: "சேத்து லாரி எல்லா ஊர்லயுந்தான் கீது, ஐயா. பேருக்கெல்லாம் கவர்மென்ட் வராதாம். சாரே சொன்னாரு."

இன்ஸ்பெக்டர் என்னை முறைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கினார். "ரெண்டு டீமோட பேரும் ரத்து. இனிமே மேலத்தெரு, கீழத்தெரு, அவ்ளோதான்."

என் தகப்பனுக்கு வராத கவர்மென்ட், பெரியவர் கூப்பிட்டதும் வந்துவிட்டது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் ரத்தானது மைக்கில் மட்டும்தான். பெரியவர் சாகிற வரைக்கும், டீக்கடைப் பக்கம் அவர் தலை தெரிந்தாலே யாராவது "வழி வுடுங்கோ" என்பார்கள். நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து கேட்பேன்.