நான் ஊமையாக்கிய கார்

நெல்லியடியில் கார் றிமோட் திருத்துகிறேன். பழைய கார்கள் சில, பூட்டும்போது இரண்டு தரம் கீச்சிடும். எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காது. புது றிமோட் போடும்போதெல்லாம் யாரையும் கேட்காமலே அதை நிறுத்திவிடுவேன். பெரிய உபகாரம் செய்வதாக நினைப்பு.

கரவெட்டியில் இருந்து வந்த, வாடகைக் கார் ஓட்டும் அண்ணை ஒருவருக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தேன். மறுநாள் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார்.

"தம்பி, உந்தச் சத்தத்தை ஏன் நிப்பாட்டினனீர்?"

"அது வெறும் கரைச்சல்தானே அண்ணை?"

"அம்மாவுக்குக் கண் தெரியாது. கார் கத்தினால்தான் வாறது நான் எண்டு விளங்கும். நேற்றுச் சத்தமில்லாமல் உள்ளுக்குப் போக, ஆரோ வந்திட்டாங்கள் எண்டு பயந்து எழும்பி விழுந்திட்டா. நெத்தியிலை காயம்."

உடனே சத்தத்தைத் திரும்பப் போட்டேன். மனம் கேட்கவில்லை; அம்மாவைப் பார்க்க அவருடனேயே போனேன்.

முற்றத்தில் இறங்கியதும் றிமோட்டை என்னிடம் நீட்டிவிட்டு, அண்ணை வாசல் படலையைச் சாத்தப் போனார். பூட்டும் பொத்தானை அமத்தினேன். கார் இரண்டு தரம் கீச்சிட்டது.

"வந்திட்டியே ராசா?" உள்ளே இருந்து குரல் வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மனுசியை இன்னொரு தரம் பயப்படுத்த எனக்குத் துணிவில்லை.

"ஓம் அம்மா," படலையடியில் இருந்து அண்ணை சொன்னார்.

இப்போது றிமோட்டோடு வருகிறவர்களிடம், "வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று முதலில் கேட்கிறேன். சிலர் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.