ஐந்து சுற்று முறுக்கிய வில்

அன்று வில்வித்தைத் திடலில் ஏழு பேர் இருந்தோம். ஆறு பேர் எய்யும் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஏழாவது ஆள் கன்னியப்பன், ஐம்பது மீட்டர் தள்ளி, இலக்குப் பலகைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். இலக்குத் தாள் மாற்றுவது அவன் வேலை. விசில் அடித்த பிறகுதான் வர வேண்டும். எல்லோரும் எய்து முடித்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டான். சலீம் பாய் வில்லை முழுக்க இழுத்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். நாணில் அம்பு இருந்தது.

நான்கு நாள் முன்பு அந்த வில்லின் எடையை ஏற்றிக் கொடுத்தவன் நான்.

திருப்புலிவனம் சாலையில் இருந்த அந்தத் திடலில் பதினொரு வருடம் வில் சரிபார்க்கும் வேலை பார்த்தேன். சலீம் பாய்க்கு உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடை, நாற்பத்தாறு வயது. அவருடைய, முனைகளில் உருளை வைத்த காம்பவுண்ட் வில்லின் டிரா வெயிட், அதாவது நாணை இழுக்கத் தேவையான பலம், நாற்பது பவுண்டு. காற்றில் அம்பு ஒதுங்குகிறது என்று ஐம்பது கேட்டார்.

“தோள் தாங்குமா பாய்?” என்றேன்.

“டெய்லி அம்பது கிலோ சிமெண்ட் மூட்ட தூக்கிக்கினு கீறேன் சார். அம்பது பவுண்டுக்கு இன்னாத்துக்கு பேஜார் பண்றீங்க?”

பயந்துகொண்டேதான் செய்தேன். ஆலன் கீயால் மேல் போல்ட்டை ஐந்து சுற்று, கீழ் போல்ட்டை ஐந்து சுற்று முறுக்கினேன். இரண்டு முறை எண்ணினேன். தராசில் மாட்டினால் ஐம்பது காட்டியது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எட்டடி தூரத்தில் பன்னிரண்டு அம்பு எய்யச் சொன்னேன். பலம் போதாதவர்கள் வில்லை மேலே தூக்கித்தான் இழுப்பார்கள்; அவர் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. சரி என்று கொடுத்துவிட்டேன்.

இப்போது கன்னியப்பன் நேர் எதிரே. கத்தினால் பாய் திடுக்கிடுவார், நாணைக் கவ்விப் பிடித்திருக்கும் கருவியின் டிரிக்கரில் விரல் பட்டுவிடும். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

“பாய், எய்யாதீங்க. ஆள் வந்துட்டான். எறக்குங்க.”

விரலை எடுத்துவிட்டார். ஆனால் நாணைத் தளர்த்தப் பார்த்ததும் கை முன்னால் இழுபட்டது. காம்பவுண்ட் வில் முழுக்க இழுத்த பிறகு லேசாகிவிடும். இறக்கும்போது மொத்த எடையும் ஒரே நொடியில் திரும்பி வரும்.

“எறக்க வரல சார், இஸ்துக்கினு போவுது.”

“வில்லத் தரையப் பாத்துப் புடிங்க.”

கன்னியப்பன் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். நான் நொடிகளை எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. வில் அவரைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அம்பு கழன்று அவர் காலடியில் விழுந்தது. வலது தோளில் ‘டக்’ என்ற சத்தம் எனக்கே கேட்டது.

கன்னியப்பன் நிமிர்ந்து, “இன்னா நைனா, முடிஞ்சிச்சா?” என்று கத்தினான்.

இருபத்திரண்டு நாள் பாயின் கடை ஷட்டரைப் பக்கத்துக் கடைக்காரர்தான் தூக்கிவிட்டார். நான் போல்ட்டுகளை ஐந்து சுற்றும் தளர்த்தி, வில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“சிமெண்ட் மூட்டய தொப்புனு கீய போட்டுடலாம் சார். இத மெதுவாத்தான் எறக்கணும்னு யாரும் சொல்லலியே.”

சொல்ல வேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.

அதற்குப் பின் யார் எடையை ஏற்றக் கேட்டாலும் பன்னிரண்டு முறை இழுக்கச் சொல்வேன். பன்னிரண்டு முறையும் எய்யாமல் இறக்கச் சொல்வேன். பாயைச் சோதித்த அன்று நான் எண்ணியது பன்னிரண்டு அம்புகளை. ஓர் இறக்கத்தைக்கூட எண்ணவில்லை.