பரண் மேல் வைத்த படங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், கொல்லிமலையில் மழை விடாமல் பெய்த ஓர் ஐப்பசி மாதம். அந்த மாதத்தை நினைத்தால் இன்றும் உடம்பெல்லாம் அசதியாக இருக்கிறது.

மலைமேல் வாழவந்தி நாடு என்னும் பகுதியில் ஒரு சிற்றூர் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் படித்து, ஒரு கேமராவும் வாங்கி, மலையிலும் அடிவாரத்திலும் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் "போட்டோக்காரப் பொண்ணு" என்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

படங்கள் சேர்ந்து சேர்ந்து லேப்டாப் நிரம்பிவிட்டது. நாமக்கல்லில் ஒரு கடைக்குப் போனேன். நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வாங்கவேண்டும் என்று ஆசை. உள்ளே இரண்டு டிஸ்க் இருக்கும். ஒன்றில் ஏற்றுவது மற்றதிலும் தானாகப் பதியும். கடைக்காரர், "மலையில கரண்டு நிலையா நிக்குதுங்களா? ஊட்ல வைஃபை இருக்குதுங்களா?" என்று கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் போதும் என்றவர், "பெருசா ஒண்ணு வேண்டாங்க. சின்னதா ரெண்டு எடுங்க. ஒரே படத்த ரெண்டுலயும் போட்டு, ஒண்ண வேற யாரு ஊட்லயாச்சும் வெச்சிருங்க" என்றார்.

"நான் கம்ப்யூட்டர் படிச்சவளுங்க" என்றேன்.

"படிச்சவங்கதானுங்க ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டுப் போறாங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகவே பெரியதாக ஒன்றை வாங்கினேன். எல்லாப் படங்களையும் அதில் ஏற்றிவிட்டு, லேப்டாப்பிலும் கேமரா கார்டிலும் இருந்தவற்றை அழித்தேன்.

ஆவணியிலேயே மழை தொடங்கியது. ஒரு லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது. எனக்குப் பயம் வந்தது. எங்கள் வீட்டில் ஈரம் படக்கூடாத எதையும் அடுப்புக்கு மேலே உள்ள பரணில்தான் வைப்போம். விதைச் சாமை, மிளகு எல்லாம் அங்கேதான். வருடக்கணக்கானாலும் பூச்சி அண்டாது. டிஸ்க்கைத் துணியில் சுற்றி, தகர டப்பாவில் போட்டு அங்கே வைத்தேன்.

"அதென்ன கண்ணு, அதுவும் மொளைக்குமா?" என்று அம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மழையில் விசேஷங்கள் இல்லை. இரண்டு மாதம் டப்பாவைத் தொடவே இல்லை. அப்போதுதான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய அம்மா இறந்துவிட்டார். மூன்று நாளில் கருமாதி. மாலை போட ஒரு படம் இல்லை.

"எங்கப்பா போனதுல இருந்து அம்மா எந்த விசேஷத்துலயும் முன்னால வந்து நின்னதில்லீங்க. என் கல்யாணத்துலயும் அடுப்படியிலயேதான் இருந்துச்சு. ஆதார் கார்டுல இருக்கறது அம்மாவாட்டமே இல்லீங்க. நீங்க ஒண்ணு எடுத்தீங்களாமா. சொல்லிட்டே இருந்துச்சு."

எடுத்திருந்தேன். ஒரு காதுகுத்தில் சமையலுக்கு வந்தவர் அவர். கூட்டம் கலைந்தபின் தயங்கித் தயங்கி வந்து, "என்னைய ஒண்ணு எடு சாமி" என்றார். எடுத்தேன். அனுப்புகிறேன் என்று சொல்லி, என் நம்பரைக் கொடுத்து, மகளுடைய நம்பரையும் வாங்கிக்கொண்டேன். அனுப்பவில்லை. அவர் விழா வீட்டு ஆள் இல்லை என்பதால் ஆல்பத்திலும் அந்தப் படத்தைச் சேர்க்கவில்லை.

"நாளைக்கே தர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு டப்பாவை இறக்கினேன். டிஸ்க்கை மாட்டியதும் டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. லேப்டாப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

விடிந்ததும் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் போனேன். கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். புகை வாசம். எங்கே வைத்திருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

"மாசக்கணக்கா சூடு ஏறியிருக்குதுங்க. சென்னைக்கு அனுப்பிப் பாக்கலாம். ரெண்டு மாசமாகும். படம் வரும்னு சொல்ல முடியாது."

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, டிஸ்க் மட்டமான சரக்கு, கெட்டுவிட்டது என்றேன். அப்போதும் என் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குப் போகவும் மனமில்லை. பேளுக்குறிச்சி பஸ் ஏறினேன்.

அந்தக் காதுகுத்துக்கு அந்த ஊரிலிருந்து வந்தவர்களின் வீடு வீடாக அவளும் நானும் நடந்தோம். ஒவ்வொருவர் போனிலும் தேடினோம். ஆடு, கன்றுக்குட்டி, காலை வணக்கப் படங்கள் என்று வந்துகொண்டே இருந்தன. செருப்பில் சேறு ஏறிக் கால் கனத்தது. ஏழாவது வீட்டில் ஒரு படம் கிடைத்தது. பந்தி நடக்கிறது, பின்னால் சாம்பார் வாளியுடன் ஓர் உருவம். முகத்தில் பாதியை யாரோ ஒருவருடைய தோள் மறைத்திருந்தது.

அவள் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அம்மாதான்" என்றாள். பிறகு, "இது போதுங்க. எங்களுக்காவ இவ்வளவு தூரம் நடந்தீங்களே" என்றாள்.

அதைக் கேட்டபின் என்னால் தாங்க முடியவில்லை. "டிஸ்க்கு மேல தப்பில்லீங்க. அடுப்புக்கு மேல வெச்சு நான்தான் கெடுத்தேன். அதுக்கு முன்னாடியே அனுப்பியிருக்கலாம், அதையும் செய்யல" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. போனிலிருந்த படத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க எடுத்த படத்துல அம்மா சிரிச்சுச்சுங்களா?"

யோசித்துப் பார்த்தேன். அவருடைய சேலையின் நிறம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ஆமாங்க, நல்லா சிரிச்சாங்க" என்றேன்.

இப்போது என்னிடம் இரண்டு டிஸ்க் இருக்கின்றன. ஒன்று ராசிபுரத்தில் தோழி வீட்டில் இருக்கிறது. யார் ஒரு படம் கேட்டாலும் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். சென்னைக்கு அனுப்பிய டிஸ்க், ஒரு படமும் மீட்க முடியாமல் அப்படியே திரும்பி வந்தது. ஆயிரக்கணக்கான முகங்களைப் பத்திரப்படுத்த அத்தனை யோசித்த நான், தன்னை எடுக்கச் சொல்லிக் கேட்ட அந்த ஒரு முகத்தை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.