தவறைக் குறிப்பேட்டில் எழுதவைத்த அப்பா

அப்பாவின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போவதற்கு முன்பு ஒரு பக்கத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர் என் சித்தப்பா. மற்றவர் நம் வட்டார மருத்துவர் சங்கத்தின் இப்போதைய செயலாளர். இருவர் மீதும் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பக்கத்தை எடுக்கவில்லை.

"ஏளா, செத்துப்போனவுகளப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுனா போதாதா? அவுக தப்ப எதுக்கு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்க?" என்றார் சித்தப்பா.

"அந்தத் தப்பச் சொன்னதுதான் சித்தப்பா, அவுக செஞ்சதுலயே பெரிய நல்லது" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா பிறந்தது மணப்பாட்டில். தாத்தா தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போனவர். ஒருமுறை போனவர் திரும்பவில்லை. வலை பின்னியும் கருவாடு விற்றும் ஆச்சி மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார்கள். அப்பா மருத்துவக் கல்லூரிக்குப் போனபோது அவருக்குச் சட்டை இரண்டுதான். முதல் வருடம் உடற்கூறியலில் தோற்றார். வேறொருவர் என்றால் இதை மறைத்திருப்பார். அப்பா வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளிடம்கூடச் சொல்லுவார். அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

படிப்பு முடித்து தூத்துக்குடியில் கடற்கரைப் பக்கமாகவே சிறிய கிளினிக் போட்டார். வந்தவர்கள் எல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், உப்பளத்தில் கால் வெந்தவர்கள், கடலுக்குப் போகிறவர்கள். அப்பாவுக்குக் கோபம் அதிகம். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவரைத் திட்டினால் தெருமுனை வரை கேட்கும். திட்டு வாங்கியவர்களே அடுத்த தடவையும் அவரிடம்தான் வருவார்கள்.

சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு முந்திய தலைமுறை டாக்டர்கள் ஒரு மருந்துக்கடை மாடியில் அதை ஆரம்பித்தார்கள். இந்தக் கரையில் வருகிற நோய்கள் பல, படித்த புத்தகத்தில் இல்லை. ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ள ஓர் இடம் வேண்டியிருந்தது. அரசு டாக்டரும் தனியார் டாக்டரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யார் கிளினிக் திறந்திருக்கும், யார் ரத்தம் கொடுப்பார்கள் என்று பட்டியல் போட்டார்கள். அப்பா செயலாளர் ஆனபோது அந்த மாடியும் இல்லை, பெஞ்சும் இல்லை. குளிர்சாதன ஹாலில் பொன்னாடை யாருக்கு, நடு நாற்காலி யாருக்கு என்பதுதான் பேச்சாக இருந்தது.

இனி அந்தப் பக்கம்.

சங்கு குளிக்கிற ஒருவரை அவருடைய அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். தோள்பட்டையில் வலி, ஒரு கால் மரத்திருந்தது. கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் கிடந்துவிட்டுச் சட்டென்று மேலே ஏறியவர் அவர். அப்பா அதைக் கேட்கவே இல்லை. நரம்பு பிசகியிருக்கிறது என்று ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டாக்டரய்யா, இது கடல்ல வந்ததுலா? எங்க ஆளுவ மறுபடி தண்ணிக்குள்ள எறக்கித்தான் சரி பண்ணுவாவ. எறக்கிப் பாக்கட்டுமா?"

"டாக்டர் நானா நீயாவே?" என்று அப்பா சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் விடியும்போது அந்தத் தம்பிக்கு இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. அதன் பிறகுதான் அப்பா புத்தகங்களைப் புரட்டினார். ஆழத்திலிருந்து வேகமாக ஏறினால் ரத்தத்தில் காற்றுக்குமிழி உண்டாகும். உடனே ஆக்சிஜன் கொடுத்து, காற்றழுத்தம் கூட்டிக் குமிழியைக் கரைக்கிற அழுத்த அறை உள்ள ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும். மறுபடி கடலில் இறக்குவது ஆபத்து, அது வைத்தியமும் இல்லை. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்று அந்த அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் அப்பாவுக்குத் தெரியவில்லை.

அப்பா அந்தத் தம்பியின் வீட்டுக்கே போய்த் தன் தவறைத் தன் வாயால் சொன்னார். கட்டிலில் கிடந்தவர், "தெரியாமத்தான டாக்டரய்யா செஞ்சிய" என்றாராம். "தெரிஞ்சிருக்கணும்லா" என்று சொல்லிவிட்டு அப்பா தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். இதை அம்மாதான் எனக்குச் சொன்னார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பொன்னாடை முடிந்ததும் அப்பா எழுந்து முழுவதையும் சொன்னார். நோயாளியின் பெயரைச் சொல்லவில்லை, தன் பெயரைச் சொன்னார். பிறகு கூட்டக் குறிப்பேட்டைத் துணைச் செயலாளர் பக்கம் தள்ளி எழுதச் சொன்னார்.

மூத்த டாக்டர் ஒருவர் எழுந்துவிட்டார். "என்னவே இது? நாளைக்கு இதயே கோர்ட்ல கொண்டு நீட்டுவானுவ. சங்கம் நம்மளக் காப்பாத்தத்தான இருக்கி?"

"நம்மளக் காப்பாத்துறதுக்கு வக்கீல் இருக்காருவே. சங்கம் அடுத்து வாரவனக் காப்பாத்தட்டும்" என்றார் அப்பா. துணைச் செயலாளர் பேனாவைத் தொடவில்லை. அப்பாவே குறிப்பேட்டை இழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு அடுத்த மாதம் ஹாலில் முக்கால்வாசி நாற்காலி காலி. தெரிந்த டாக்டர்களே அப்பாவிடம் நோயாளிகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடச் சிலர் வரவில்லை. அப்பா அசரவில்லை. மாதம் ஒரு டாக்டர் தன் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், அது குறிப்பேட்டில் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் டீ என்று வழக்கம் வைத்தார். டீக்காகவாவது சொல்லித் தொலைப்பார்கள் என்பார். முதலில் எழுந்தவர் அரசு மருத்துவமனைப் பெண் டாக்டர் ஒருவர். அப்பா எழுந்து நின்று கேட்டார், எல்லோரும் எழுந்துகொண்டார்கள்.

அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான், கடற்கரைக் கிளினிக்குகளில் எல்லாம் "கடலுக்குள்ள போனியா? எப்ப ஏறுன?" என்ற கேள்வி முதல் கேள்வியானது. ஆக்சிஜன் சிலிண்டரும் வாசல் பக்கத்துக்கு வந்தது. காலில் உணர்வு குறைந்து வந்து, சொந்தக் காலில் நடந்து வீடு போன குளியாட்களை நானே பார்த்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு, அப்பா சாந்தமானவர், யாருக்கும் தீங்கு நினையாதவர் என்று எழுதச் சொல்கிறீர்களா? முதலாவது, அவர் சாந்தமானவரே இல்லை.

அப்பாவின் கடைசி நாட்களையும் எழுத வேண்டும். மரணம் நிம்மதியாக வந்தது, சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அதற்கு மூன்று நாள் முன்பு தாடை வலிக்கிறது, படி ஏறினால் களைப்பாக இருக்கிறது என்று அப்பா என்னிடம் சொன்னார். நானும் டாக்டர். "பல்லா இருக்கும்பா, பல் டாக்டர்ட்டக் காட்டுங்க" என்றேன். ஈசிஜி இயந்திரம் அடுத்த அறையில் இருந்தது. பத்து நிமிட வேலை. நான் எடுக்கவில்லை. அது இதயத்திலிருந்து வந்த வலி.

போன மாதக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். அப்பா போனபின் அந்த வழக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செயலாளர், "உங்க துக்கம் புரியுதும்மா, இது குறிப்பேட்டுக்குரிய விஷயம் இல்ல" என்றார். டீ வந்துவிட்டது. துக்கம் வேறு, தவறு வேறு. துக்கத்துக்கு ஆறுதல் சொல்லலாம், தவறை எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பாவை அடக்கம் செய்த நாளில் மூன்று சக்கர வண்டியில் வந்து, வெயிலில் கடைசி வரை இருந்த அந்தச் சகோதரருக்கும் அவருடைய அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அடக்கப் பூசை வைத்த சாமியாருக்கும், அம்மாவை ஒரு நாள்கூடத் தனியாக விடாத அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும், அன்று முதலில் எழுந்து நின்ற பெண் டாக்டருக்கும் நன்றி. கோபப்பட்டாலும் கடைசியில் இந்தப் பக்கத்தை அச்சகத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்த சித்தப்பாவுக்கும் நன்றி.

சங்கத்து டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தருகிற எல்லாப் பிரதியிலும் இந்தப் பக்கத்தின் அடியில் மையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தைக் கிழித்துக் குறிப்பேட்டில் ஒட்டுங்கள்.

— மகள்