மதியம் வரை ஒரு மேசை

எனிட் ஓர்மராட் 1964இல் எம்.பி. ஆனபோது, லண்டன் பாராளுமன்றத்தில் அவளுக்கென்று கிடைத்தது ஓர் இரும்பு அலமாரி மட்டும்தான். ஒரு கோட்டும் நாலு கோப்பும் வைத்தால் கதவு மூடாது. இருபது வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்த நர்ஸ் அவள். உட்கார இடமில்லாதது அவளுக்குப் புதிதல்ல. ஈரச் சுவர், ஒழுகும் கூரை என்று தொகுதிக்காரர்கள் எழுதிய கடிதங்களுக்கு நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வைத்தே பதில் எழுதினாள்.

பொறுக்க முடியாதது பெல்லிங்கைத்தான். அதே கட்சி, அதே நாளில் பதவியேற்றவன். மேசைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கட்சிக் கொறடாவுக்கு வேண்டியவன் என்பதால் அவனுக்கு ஆற்றைப் பார்த்த ஜன்னலடியில் மேசை, தொலைபேசி. மேசைமேல் கடிதம் இருக்காது, சாண்ட்விச் இருக்கும். பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

"என்ன எனிட், பெஞ்சு குளிருதா?" என்பான்.

"உன் மேசைதான் காயுது. ஒரு கடுதாசிகூடக் காணோமே."

பெல்லிங் இருந்த அறையின் இன்னொரு மேசை கிழவர் ஹோலிஸ் பிராக்குடையது. பழைய சுரங்கத் தொழிலாளி. காலில் அழுத்தினால் குழி விழும் வீக்கம், ஆறாத புண், உதட்டில் நீலம். பிப்ரவரியில் மருத்துவமனைக்குப் போனார். இனி திரும்பமாட்டார் என்று எனிட் முடிவு கட்டிவிட்டாள். அந்த மேசையைப் பெல்லிங் தன் நண்பனுக்குக் கேட்கிறான் என்று காதில் விழுந்ததும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

சபையில் இடம்பிடிக்க ஒரு வழக்கம் உண்டு. பெயரெழுதிய சீட்டை இருக்கையில் செருகிவிட்டுப் பிரார்த்தனைக்கு வந்தால், அன்றைக்கு அந்த இடம் அவருடையது. எனிட் அப்படியொரு சீட்டில் தன் பெயரை எழுதி, பிராக்கின் மைக்கூட்டில் சாய்த்து வைத்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பதினோராம் நாள் பிராக் கைத்தடியோடு வந்து நின்றார். சீட்டை எடுத்துப் படித்தார்.

"எனக்கு எந்தத் தேதி குறிச்சிருக்க, பொண்ணே? சொன்னா நானும் தயாரா இருப்பேன்ல."

பெல்லிங் சிரித்தான். எனிட்டுக்குக் காது சுட்டது. ஆனாலும் கண் அவர் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டில்தான் இருந்தது.

"கட்டு தப்பு. விரல்லேர்ந்து மேல சுத்தணும். உக்காருங்க," என்று எழுந்தாள்.

கட்டை அவிழ்த்து மறுபடி சுற்றி முடித்தாள். பிறகு பிராக் சொன்னார்: "காலையில நீ இரு. பன்னெண்டுக்கு நான் வருவேன். தினமும் கட்டு உன் பொறுப்பு."

"உப்பையும் விடணும்."

"மேசையைப் புடுங்கினது பத்தாதா, உப்பையுமா?"

கட்டு நன்றாகவே வேலை செய்தது. பிராக் இன்னும் ஐந்து வருடம் இருந்தார். அத்தனை வருடமும் பன்னிரண்டு மணிக்கு எனிட் கடிதங்களை வாரிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டாம் வருடம் பெல்லிங் துணை அமைச்சரானான். தனி அறை, கம்பளம், இரண்டு ஜன்னல். அவன் விட்டுப்போன மேசைக்கு எனிட் எழுதிக் கேட்டாள். கொறடா அதைப் பெல்லிங்கின் நண்பனுக்கே கொடுத்தார். சேதி வந்தபோது அவள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இறுக்குது, பொண்ணே," என்றார் பிராக். "இது பெல்லிங் கழுத்து இல்ல."