இடது கைக்கு மாற்றிய ரிமோட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி முடிந்து காற்று கொஞ்சம் தணிந்திருந்த சமயம், எரியோடு பக்கம் ஒரு கரட்டின், அதாவது சின்னப் பாறைக் குன்றின், மேல் நடந்தது இது.

என் கணவருக்கு கிளைடர் என்றால் உயிர். இன்ஜின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கும் சின்ன விமானம். தரையில் நின்று ரிமோட்டில் ஓட்ட வேண்டும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டார். "யாராவது கேட்டா குடுத்துரு" என்றார். நான் கொடுக்கவில்லை.

ரிமோட்டில் இரண்டு குச்சிகள். விமானத்தை ஏற்றி இறக்குவது, திருப்புவது எல்லாம் வலது குச்சியில். இடது குச்சி இன்ஜினுக்கு. இன்ஜினே இல்லாத விமானத்தில் அது சும்மாதானே கிடக்கிறது, எல்லாவற்றையும் அதற்கே மாற்றினால் என்ன?

அவர் மதியம் கண்ணயரும் நேரமாகப் பார்த்து, ரிமோட்டை மாற்றுவது எப்படி என்று ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். செட்டிங்கை மாற்றியும் அந்தக் குச்சி தள்ளிய இடத்திலேயே நின்றது, நடுவுக்குத் திரும்பி வரவில்லை. தையல் மெஷின் திருப்புளியால் பின்மூடியைக் கழற்றி, வலது குச்சியின் ஸ்பிரிங்கை இடது குச்சிக்கு மாட்டினேன். பிறகு பார்த்தால், வலப்பக்கம் தள்ளினால் வால் இடப்பக்கம் திரும்புகிறது! அதையும் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால், கதவோரம் அவர் நிற்கிறார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வால் திரும்புவதையே பார்த்தார்.

"இம்புட்டு திரும்பக் கூடாது. இந்தக் கைக்குப் பழக்கமில்ல. பாதியாக் கொறை."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே கரட்டுக்குப் போனோம். ரிமோட்டை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, நான் ஓடிப்போய் விமானத்தை வீசினேன். எழும்பியது. அடுத்த நொடியே ஒருபக்கமாகச் சரிந்து, கீழே இருந்த தென்னந்தோப்பை நோக்கிப் பாய்ந்தது.

"ஏய், இந்தா, நீ புடி! என்னால ஏலாது!"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க! நீங்கதான் பாக்கணும்!"

அவர் இடது கட்டைவிரலால் குச்சியை மெல்ல இழுத்தார். தென்னை மட்டைகளை உரசுவதுபோல் போன விமானம், மூக்கைத் தூக்கி மேலேறியது. அப்புறம் காற்று அதைத் தாங்கிக்கொண்டது. வெகுநேரம் சுற்றவிட்டு, கடைசியில் கருவேல முள்ளுக்குள் இறக்கினார்.

"ரெண்டு கையிலயும் ஓட்டுனப்பகூட முள்ளுலதானே எறக்குவேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. விமானத்தை எடுக்கப் போய் முள் கிழித்ததுகூட எனக்கு வலிக்கவில்லை.

எனக்கு ஓட்டத் தெரிந்திருந்தால் அந்தப் பயத்தில் கட்டாயம் ரிமோட்டைக் கையில் வாங்கியிருப்பேன். தெரியாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.